பழசு என்று எப்படித் தெரியும்?

“...அப்படியெண்டால், அவள் எடுக்கேல்லைத்தானே,” என்றா பிலோமினா அக்கா.

டொக்டர் காட்டிக்கொண்டிருந்தது அக்காவின் நெஞ்சுப் படத்தை. அக்கா கேட்டது லூசியாவைப் பற்றி. லூசியா அந்த அறையில் இல்லை, விடத்தல்தீவில் இருக்கிறா. சண்டையில் இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே தறப்பாள் கூரைக்குக் கீழே படுத்தெழும்பிய இரண்டு பேர். ஒரு காதுத் தோட்டின் பின்னால் பூட்டுகிற சுரை காணாமல் போனதோடு பேச்சை நிறுத்தினவர்கள், நிறுத்தினதுதான். அது நடந்து சில மாதத்தில் அக்காவுக்கு இருமலும் பிடித்தது. இருமலுக்கு ஊரிலுள்ள மருந்தெல்லாம் எடுத்தா. கோபத்துக்கு எடுக்கவில்லை.

இதற்குள் நான் எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் டொக்டர் இல்லை. ஜேர்மனிக்குப் போன புதிதில் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன். மிச்ச நேரத்தில் கணினியைப் படித்தேன். படிப்பித்தவர் என்று யாருமில்லை, பிழை விட்டுத் திருத்தினதுதான் படிப்பு. இப்போது ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். எக்ஸ்ரே படம் பார்க்க இளம் டொக்டர்மாரைப் பழக்குகிற கணினி வாத்தியார் ஒன்றைச் செய்கிறோம். அது படத்தைக் காட்டும், எங்கே சந்தேகம் என்று கேட்கும். தொட்டுக் காட்டிய இடம் பிழையென்றால் ஏன் பிழையென்று சொல்லும். ஆள் எதில் தடுக்கி விழுகிறாரோ, அதே நோயை இன்னொருவரின் நெஞ்சில் வைத்துத் திரும்பவும் கொண்டுவரும். அலுக்காது, கோபிக்காது.

அந்த வாத்தியாரை மன்னார்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு கிழமை பழக விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதிலும் மன்னாரில் கீரி என்ற ஊரில் பிறந்தவன். வேறு யாரை அனுப்புவார்கள்?

மன்னார்ப் பாலம் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸின் டயர் காற்றுப் போய் இருந்துவிட்டது. சாரதி இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அதுக்குக் களைச்சுப் போச்சு. அதுவும் எவ்வளவு காலந்தான் ஓடும்?” என்றார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நான் இருக்கிற ஊரில் ரயில் கொஞ்சம் பிந்தினால் சனம் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும். இங்கே ஒருவர் பையிலிருந்து கச்சான் கடலை எடுத்துப் பங்கு போட்டார். காற்று ஆளைத் தள்ளியது. தலைமன்னார் பார்க்க வந்த சிங்களத் தம்பதி எனக்குப் பக்கத்தில் நின்றார்கள். வீதியோரத்தில் ஒரு கழுதைக் கூட்டம் சும்மா நின்றது. மனைவி சிங்களத்தில் சொன்னா: “பாருங்கள், ஒருவரும் இதுகளின் முதுகில் ஒன்றும் ஏற்றுவதில்லையாம்.” கணவர் சொன்னார்: “கொடுத்து வைத்ததுகள். அதையெல்லாம் எங்கள் அலுவலகத்தில் என் முதுகில் ஏற்றுகிறார்கள்.” எனக்குச் சிங்களம் விளங்கும் என்று அவருக்குத் தெரியாது. நான் சிரித்த பிறகு தெரிந்தது. அவரும் சிரித்தார்.

பிலோமினா அக்கா என் பெரியம்மாவின் மகள். கீரியில் தனியே இருக்கிறா. படலை வாசலில் என்னைக் கண்டதும், “வா தம்பி. வெள்ளைக்காரன்ர சாப்பாடு உன்னை அரைவாசியாக்கிப் போட்டுது. மிச்ச அரைவாசியை எங்க விட்டிட்டு வந்தனீ?” என்றா. குரல் அதே குரல்தான். ஆனால் அந்த இரண்டு வசனத்துக்குள் இரண்டு தரம் முகத்தைத் திருப்பி இருமினா.

குழல் புட்டும் கணவாய்க் கறியும் சொதியும். கணவாயில் மிளகு தூக்கலாக இருந்தது, அம்மா வைக்கிற மாதிரி. அக்கா தள்ளிக் கதிரையைப் போட்டு இருந்தா.

“கிட்ட வாங்கோவன் அக்கா.”

“நீ சாப்பிடு. பயப்பிடாதை, இது தொத்தாது. சளியெல்லாம் சோதிச்சாச்சு, கசநோய் இல்லையாம். உள்ளுக்கை ஒரு ஷெல் துண்டு குந்திக்கொண்டு இருக்காம். வாடகையும் இல்லை, எழும்பிற எண்ணமும் இல்லை.” பிறகு சிரித்துக்கொண்டு சொன்னா: “ஆனாச் சனம் நம்பாது. கோயில்ல சனம் இருக்கிற வாங்கு ஒண்டு முழுக்க எனக்குத்தான். ராசாத்தி மாதிரித் தனிய இருந்து பூசை காணுறன்.”

அந்தச் சிரிப்பும் இருமலில் போய் முடிந்தது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரி. ஜேர்மனியில் இதே வாத்தியாரைப் பரீட்சித்தபோது டொக்டர்மார் ஆளுக்கொரு கணினி, காதில் கருவி, அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இங்கேயும் நான்கு மடிக்கணினி கொண்டுபோய் வரிசையாக வைத்தேன். நான்கு டொக்டர்மாரும் வந்தார்கள். நான்கு பேரும் முதலாவது கணினிக்கு முன்னால் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

“ஆளுக்கொண்டு இருக்கு,” என்றேன்.

“தனியப் பார்த்தால் ஆரோட சண்டை பிடிக்கிறது?” என்றார் டொக்டர் ரிஸ்வான். அவர் மன்னார்த் தீவுக்காரர், வாய் சும்மா இருக்காது.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! ஒருவர் தொடப் போவார், இன்னொருவர் கையைப் பிடிப்பார். “அது விலா எலும்படாப்பா.” “எலும்பெண்டால் மற்றப் பக்கமும் இருக்க வேணுமே?” பிளேன்ரீ வரும், றோல்ஸ் வரும், திரையில் எண்ணெய் விரல் படும். வாத்தியாருக்குத்தான் தலை சுற்றியது. ஒரே மாணவர் ஒரு படத்தில் பெரும் கெட்டிக்காரராகவும் அடுத்த படத்தில் மொக்கராகவும் இருப்பதை அது அதுவரை கண்டதில்லை. யாருக்கு எது கடினம் என்று கணக்கெடுக்கத்தான் அதைச் செய்திருந்தோம். ஒரு திரைக்கு முன்னால் நான்கு பேர் இருப்பார்கள் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

டொக்டர் நிரஞ்சனா அவர்களுக்குள் அமைதியானவர். வெள்ளாங்குளத்தில் வயல் செய்கிற கமக்காரர் ஒருவரின் மகள். படத்தை எடுத்தவுடன் நடுவைப் பார்க்க மாட்டார். தோள்மூட்டு, விலா, கீழ்க்கரை என்று ஓரமாக ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் உள்ளே வருவார். “அவ வயல் பார்க்கிற மாதிரித்தான் படம் பார்ப்பா,” என்றார் ரிஸ்வான். “முதல் வரம்பு, பிறகுதான் பயிர்.” வாத்தியாருக்குள் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்த அறிவுரையை மனிதன் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அதை அன்றே ஜேர்மனிக்கு எழுதி அனுப்பினேன்.

அவர்கள் படத்துக்காகச் சண்டை பிடிப்பதைப் பார்க்க எனக்கு என் பள்ளிக்கூடக் காலம் ஞாபகம் வந்தது. அப்போது எக்ஸ்ரே என்றால் கறுப்புப் பிலிம்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுவார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் வைப்போம். யார் வந்தாலும் எடுத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பது ஒரு மரியாதை. சூரிய கிரகணம் வந்த அன்று தெருவில் இருந்த பிலிமெல்லாம் வெளியே வந்தது. அம்மாவின் நெஞ்சுக்குள்ளால் நான் பாதிச் சூரியனைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாமா தன் முழங்காலுக்குள்ளால் பார்த்தார். “என்ர முழங்காலில்தான் வடிவாத் தெரியுது,” என்று அவர் பெருமைப்பட்டது இன்னும் காதில் நிற்கிறது.

பிரச்சினை அன்று பின்னேரம் வந்தது. வடக்கில் எடுத்த படங்கள் கொஞ்சத்தைப் பெயர் நீக்கி வாத்தியாருக்குள் சேர்த்திருந்தோம். அதில் ஒன்று திரையில் வந்தது. தோளுக்குக் கீழே வெள்ளையாக, முள்ளு முள்ளாக ஒரு உலோகத் துண்டு. நான்கு பேரும் அதைத் தொடவில்லை. சுவாசப்பையில் இருந்த வேறொரு நிழலைச் சரியாகத் தொட்டார்கள். வாத்தியார் பாதிப் புள்ளிதான் கொடுத்தது. ‘மிகத் தெளிவான ஒன்றைத் தவறவிட்டீர்கள்’ என்றது.

“எதை?” என்றார் ரிஸ்வான்.

உலோகத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் வந்தது.

“ஓ, அதோ! அது பழசு.”

மற்றவர்களும் சொன்னார்கள், “அது பழசு.” அடுத்த படத்திலும் துண்டு, அதுவும் பழசு. அதற்கடுத்ததிலும். இந்தப் பக்கத்தில் வருகிற ஆட்களின் கையில், காலில், முதுகில் எங்கேயாவது ஒரு துண்டு இருக்கும். சண்டைக் காலம் வெளியே முடிந்துவிட்டது, படத்தில் முடியவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் நின்று கவலைப்பட்டால் வரிசை வீதிவரை போய்விடும். அதனால் கண்ணே அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது.

“உங்கட வாத்தியார் வெளிநாட்டு ஆள். எங்கட நெஞ்சு அவருக்கு விளங்காது,” என்றார் ரிஸ்வான். சிரித்தார்கள். ஆனால் பின்னேரம் முழுக்கப் புள்ளி வெட்டு விழுந்ததில் ஒருவருக்கும் நல்ல மனநிலை இல்லை.

குழுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர்கள் பதில் சுருக்கமாக இருந்தது: உலோகத்துக்குப் புள்ளி வெட்டாதே, அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்றும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மின்சாரம் நின்றுவிட்டது. வேலை இல்லை. வீட்டுக்கு வந்து, அக்கா மீன் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். விடத்தல்தீவு மீனா என்று ஏதோ வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அவ்வளவுதான், லூசியா வந்துவிட்டா.

“அவள் கதைச்சால் செத்த மீனும் சிரிக்கும்,” என்றா அக்கா. கத்தி நின்றுவிட்டது. “வன்னியில தறப்பாளுக்குக் கீழ கிடக்கிறம். ஷெல் விழுது. நான் தலையில கையை வைச்சுக்கொண்டு செபம் சொல்லுறன். இவள் என்ர காதைப் பாத்துக்கொண்டு சொல்லுறாள், ‘பிலோமி, எனக்கு முதல் நீ செத்தியெண்டால் அந்தத் தோட்டை நான்தான் போடுவன். இப்பவே சொல்லிப்போட்டன்.’ சாகப்போற நேரம் சிரிச்சமடா. அண்டைக்குத்தான் என்ர காலில துண்டு பட்டதும்.”

“பிறகு?”

“பிறகு என்ன, திரும்பி வந்தம். அவளின்ர மகளுக்குக் கலியாணம். நான் முதல் நாளே போயிட்டன். காலமை வெளிக்கிடுறம். சுரையைச் சொண்டில கடிச்சுக்கொண்டு தோட்டைக் காதில போடுறன். இவள் மாப்பிள்ளையின்ர தேப்பன் நடக்கிற மாதிரி நடந்து காட்டுறாள். நான் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணெல்லாம் தண்ணி. பாத்தால் சுரையைக் காணேல்லை. பாயை உதறி, அறையைக் கூட்டி, இல்லை. அம்மான்ர தோடு. அவள் சொல்லுறாள், ‘எங்கயும் உருண்டிருக்கும், வா.’ எனக்கு வந்துதே கோபம்! கலியாண வீட்டுச் சனத்துக்கு முன்னால கேட்டுப்போட்டன், ‘நீதானேடி அண்டைக்குச் சொன்னனீ, என்ர தோட்டைப் போடுவன் எண்டு.’”

அக்கா மீனின் செதிலைத் திரும்பவும் சுரண்டத் தொடங்கினா. அது ஏற்கனவே சுத்தமாக இருந்தது.

“‘இனி என்ர வாசல் மிதியாதை’ எண்டாள். மிதிக்கேல்லை. மிதிக்கிறதெண்டால் அவள் எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரிய வேணும். எடுத்திருந்தால் மன்னிக்கலாம். எடுக்கேல்லையெண்டால் நான்தானே போக வேணும்? ரெண்டும் தெரியாமல் எந்தக் காலைத் தூக்கி வைக்கிறது?”

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் சுரை உதட்டுக்கு நடுவில் இருந்தது என்று அக்கா சொன்னது என் காதில் ஏறவே இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் தோடு போடுவார்கள். பார்த்துப் பார்த்துப் பழகினது.

அன்று பின்னேரமே வாத்தியாரை மாற்றினேன். புள்ளி வெட்டை எடுத்தேன். அதற்குப் பதிலாக, உலோகத்தைத் தொடாமல் போனால் ஒரே ஒரு கேள்வி கேட்கும்படி செய்தேன்: ‘பழசு என்று எப்படித் தெரியும்?’ பதிலைத் தட்டச்சு செய்தால்தான் அடுத்த படம் வரும்.

அடுத்த நாள் முதல் தரம் அந்தக் கேள்வி வந்தபோது ரிஸ்வான், “இந்த ஊரே பழசு” என்று எழுதினார். வாத்தியார் அதை ஏற்றுக்கொண்டது. அதற்குக் கிண்டல் தெரியாது. இரண்டாம் தரம், “ஆளைக் கேட்டால் சொல்லுவார்” என்று எழுதினார்கள். மூன்றாம் தரம் சண்டை தொடங்கியது. கேட்டால் சொல்லுவார், ஆனால் நாங்கள் கேட்கிறோமா? தழும்பு இருக்கும், ஆனால் சட்டையைக் கழற்றிப் பார்க்கிறோமா? முன்னால் இருந்து எடுத்த ஒரு படத்தில் துண்டு தோலுக்குக் கீழே இருக்கிறதா, சுவாசப்பைக்குள் இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? பக்கத்தால் இன்னொரு படம் எடுக்க வேண்டாமா? தேத்தண்ணி ஆறிப்போனது. இப்போது இங்கே என் அமைதியான அறையில் இருந்து எழுதும்போது அந்தச் சத்தத்தைத்தான் நினைக்கிறேன். ஒரு கேள்விக்கு அப்படி ஒரு வரவேற்பு நான் கண்டதில்லை.

நிரஞ்சனா மட்டும் சண்டைக்குள் வராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சும்மா இருக்க முடியாதே. “எங்கட அக்காவுக்கும் நெஞ்சில ஒண்டு இருக்கு,” என்றேன். “ஷெல் காலில பட்டது, துண்டு நெஞ்சில. பாருங்கோ, அது எப்பிடி ஏறிப் போச்சோ.”

நிரஞ்சனா என்னைப் பார்த்தார். “நெஞ்சில, முதுகில தழும்பு இருக்கோ?”

“தெரியாது.”

“கேளுங்கோ.”

அக்காவுக்கு அழைப்பெடுத்தேன். “என்ர முதுகு கண்ணாடிபோலை இருக்கு, ஏன், கலியாணம் பேசப் போறியே?” என்றா. பிறகு இருமல். கைபேசியை நான் தள்ளிப் பிடித்ததால் எல்லாருக்கும் கேட்டது.

“நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ,” என்றார் நிரஞ்சனா.

காலையில் ஓட்டோ பிடித்தோம். ஒழுங்கைக்குக் குறுக்கே ஒரு கழுதை நின்றது. சாரதி ஹோன் அடித்தார், அது காதைக்கூட ஆட்டவில்லை. அக்கா இறங்கிப் போய், “ராசா, எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகோணும். உனக்கு அப்பிடி ஒரு அவசரமும் இல்லை” என்றா. அது கொஞ்சம் யோசித்துவிட்டு விலகியது. “ஆம்பிளையளை விடச் சொல்வழி கேக்குது,” என்று சாரதிக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு ஏறினா. ஆனால் ஆஸ்பத்திரி கிட்ட வர வர அக்காவின் வாய் அடங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டா. கையில் மீன் வாசம்.

பக்கத்தால் படம் எடுத்தார்கள். டொக்டர்மார் நான்கு பேரும் வந்துவிட்டார்கள். பழைய படம் ஒரு பக்கம், புதியது மறுபக்கம். பழையதில், வலது சுவாசக் குழாய்ப் பக்கமாக ஒரு சின்ன வெள்ளைக் கோடு. யார் பார்த்தாலும் ஷெல் துண்டு என்றுதான் சொல்வார்கள். புதியதில் அதே வெள்ளை, ஆனால் கோடு இல்லை. வட்டம். வட்டத்துக்கு நடுவில் ஒரு ஓட்டை. ஒரு காசைப் பக்கவாட்டில் பிடித்தால் கோடு, முகத்தில் பிடித்தால் வட்டம். அவ்வளவுதான் விஷயம்.

ரிஸ்வான் பகிடி விடவில்லை. “ஷெல் துண்டுக்கு நடுவில இப்பிடி வடிவா ஓட்டை இராது,” என்று மெல்லச் சொன்னார்.

அக்கா திரைக்குக் கிட்டப் போனா. “அது என்ர சுரை,” என்றா. யாரோ தெரிந்தவரை வீதியில் கண்டமாதிரித்தான் சொன்னா.

நிரஞ்சனா அக்காவைக் கதிரையில் இருத்தித் தானும் எதிரில் இருந்தார். “அம்மா, போன வருசம் உங்கட படத்தைப் பாத்தது நான். பழைய துண்டு எண்டு எழுதினதும் நான்தான். ஒரே இடத்தில திரும்பத் திரும்பச் சளி கட்டேக்கை நான் யோசிச்சிருக்க வேணும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.” கடிதத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். “யாழ்ப்பாணத்துக்கு எழுதித் தாறன். வாயால ஒரு குழாய் விட்டு எடுத்துப்போடுவினம். எடுத்தால் இருமல் நிக்கும் எண்டுதான் நினைக்கிறன்.”

“நான் விழுங்கினனானோ?”

“இல்லை. சொண்டில வைச்சிருக்கேக்கை மூச்சோட உள்ளுக்கை இழுத்திட்டியள். பெரிசாச் சிரிச்சால் அப்பிடி நடக்கும்.”

மன்னிப்புக்கு அக்கா என்ன சொல்லப் போகிறா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்காவுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. யாழ்ப்பாணமும் விழவில்லை.

“நான் சிரிக்கேக்கைதான் உள்ளுக்கை போனது. அப்படியெண்டால், அவள் எடுக்கேல்லைத்தானே,” என்றா.

“ஆர் அம்மா?” என்றார் நிரஞ்சனா.

அக்கா எழும்பினா. தண்ணீர் குடிக்கப் போகிறா என்று நினைத்து நான் வழிவிட்டேன். நிரஞ்சனா கடிதம் எழுதத் தொடங்கினார், நான் அக்காவின் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே பஸ் ஒன்று ஹோன் அடித்தது. யன்னலால் பார்த்தேன். அக்கா வீதியின் மறுகரையில் நின்றா. விடத்தல்தீவால் போகிற பஸ் புறப்பட்டு நகரத் தொடங்கியிருந்தது. அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் ஓடினா. நடத்துநர் கையைக் கொடுத்து இழுத்து ஏற்றினார். எக்ஸ்ரே அறை வாசலில் கழற்றி வைத்த செருப்பு அப்படியே கிடந்தது. வெறுங்காலோடு போய்விட்டா.